ரஹீம் சேர்: பாடசாலை மைதானத்திலிருந்து ஆசியத் தங்கம் வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மைதானம், கழகங்கள், கிண்ணங்கள் பற்றி நமதூரில் பேசாத நாள் இல்லை. எந்தக் கழகத்துக்கு யார் தலைவர், எந்தச் சுற்றுப்போட்டியில் யாருக்கு அநியாயம் நடந்தது, வெளியூர் வீரரை எவ்வளவு கொடுத்து இறக்கினார்கள் என்றெல்லாம் விடிய விடியப் பேசுவோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்தை எப்படி நிறுத்துவது, எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறவர் யார்? நம்மிடம் விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். இரசிகர்கள் தாராளமாக இருக்கிறார்கள். பயிற்றுவிப்பாளர்கள்தான் இல்லை.

அதனால்தான் இன்று ஒரு பயிற்றுவிப்பாளரின் வரலாற்றை எழுதுகிறேன். அவர் நம்மைப் போன்ற ஒரு பாடசாலை ஆசிரியர். பெயர் செய்யித் அப்துல் ரஹீம். ஊர் ஹைதராபாத். அங்கே அவரை 'ரஹீம் சாஹிப்' என்பார்கள். நமதூரில் பிறந்திருந்தால் 'ரஹீம் சேர்' என்றுதான் அழைத்திருப்போம். இந்தப் பதிவிலும் அப்படியே அழைக்கிறேன்.

2024 இல் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வந்த பிறகு அவரது பெயர் இளைஞர்கள் மத்தியில் கொஞ்சம் அறிமுகமானது. படத்தில் சினிமாவுக்காகச் சேர்த்ததும் இருக்கும், விட்டதும் இருக்கும். உண்மையான வரலாறு படத்தை விடப் பெரியது என்பது எனது கருத்து.

*ஊர்ப் பொடியனாக ஆரம்பம்*

ரஹீம் சேர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17 இல். அப்போது ஹைதராபாத் நிஸாமின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். பக்கத்திலேயே செகந்திராபாத்தில் பிரித்தானிய இராணுவ முகாம். அந்த நாளில் பட்டாளம் இருந்த இடத்தில் உதைபந்தும் இருந்தது. இராணுவத்தினர் விளையாடுவதை வேலியோரம் நின்று பார்த்துப் பழகிய பிள்ளைகள் பிறகு வெறுங்காலோடு தாங்களும் ஆடத் தொடங்கினார்கள். கொழும்பிலும் திருகோணமலையிலும் விளையாட்டு வந்த வழி இதுதான் என்பதால் நமக்கு இது புதிதல்ல.

ஹைதராபாத் சிட்டி கல்லூரியில் படிக்கும்போது ரஹீம் சேர் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். பின்னர் உஸ்மானியாப் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். சிட்டி கல்லூரியின் பழைய மாணவர்களும் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் சேர்ந்து 'இலெவன் ஹண்டர்ஸ்' என்று ஓர் அணி வைத்திருந்தார்கள். அதிலும் ஆடினார். நமதூரில் பாடசாலைப் பழைய மாணவர்கள் சேர்ந்து கழகம் தொடங்குவார்களே, அதே மாதிரிதான்.

விளையாட்டு வீரராக அவர் உலகப் புகழ் பெறவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் பெரிய பயிற்றுவிப்பாளர் ஆகலாம் என்று நினைக்கிறோம். ரஹீம் சேர் உள்ளூர் மட்டத்தில் நன்றாக ஆடியவர். அவரைப் பெரியவராக்கியது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை.

*கரும்பலகையும் விசிலும்*

படிப்பு முடிந்ததும் ஆசிரியத் தொழிலுக்கு வந்தார். காச்சிகுடா நடுநிலைப் பாடசாலை, உருது ஷரீஃப் பாடசாலை, தாருல் உலூம் உயர் பாடசாலை, சாதர்காட் உயர் பாடசாலை ஆகியவற்றில் கற்பித்தார். இடையில் ஒரு வருடம் ஒதுக்கி உடற்கல்வியில் டிப்ளோமா படித்தார். அதன் பிறகு தாருல் உலூமிலும் சாதர்காட்டிலும் விளையாட்டுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்த ஒரு வருட டிப்ளோமாவை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நன்றாக விளையாடத் தெரிந்த மனிதர், பட்டதாரி, ஆசிரியர். ஆனாலும் 'எனக்குத் தெரியாததா?' என்று இருந்துவிடாமல் போய்ப் படித்தார். விளையாடத் தெரிவது ஒரு விஷயம், விளையாடக் கற்றுக் கொடுப்பது வேறு விஷயம். கணக்குத் தெரிந்தவர் எல்லோரும் கணக்கு வாத்தியார் ஆக முடியாது என்பது நமக்குத் தெரியும். உதைபந்தில் மட்டும் இதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

1943 இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் எஸ்.எம். ஹாதி. டென்னிஸ், கிரிக்கெட் என்று பல விளையாட்டுகளில் பேர் எடுத்தவர். அப்படிப்பட்டவரின் இடத்துக்கு ஒரு பாடசாலை ஆசிரியர் வந்தார். கடைசி வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

*இடதுகால் போட்டி*

செயலாளராக அவர் செய்த வேலைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அந்தக் காலத்து நம் பக்கத்து ஆட்டம் எப்படி என்று வயதானவர்களைக் கேட்டால் தெரியும். பந்து கிடைத்தால் ஒருவரே நாலு பேரை வெட்டிக்கொண்டு ஓடுவார். சனம் கைதட்டும். ஐந்தாவது ஆளிடம் பந்து போய்விடும். ஹைதராபாத்திலும் அதுதான் நிலைமை. ரஹீம் சேர் இதற்கு மேடையேறிப் பிரசங்கம் செய்யவில்லை. போட்டி விதியை மாற்றினார்.

பந்தை வெட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்துப் போட்டி நடத்தினார். ஒற்றைத் தொடுகையில் பந்தைக் கடத்தும் ஆட்டம் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்தது. அதே போல் பழக்கமில்லாத காலால் மட்டும் அடிக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். வலதுகால்காரன் இடதுகாலால் அடிக்க வேண்டும், இடதுகால்காரன் வலதுகாலால் அடிக்க வேண்டும். முதலில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். சில பருவங்கள் போனதும் இரண்டு காலாலும் அடிக்கக்கூடிய ஒரு தலைமுறை அந்த நகரத்தில் உருவாகியிருந்தது.

யோசித்துப் பாருங்கள், இதற்கு என்ன செலவு? ஒரு பந்து, ஒரு விசில், ஒரு யோசனை. புல்தரை வேண்டாம், மின்னொளி வேண்டாம், அனுசரணையாளர் வேண்டாம். நமதூரில் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்துவிடலாம். இதுவரைக்கும் நாம் செய்யவில்லை.

*1948க்குப் பிறகு ஒரு நகரம்*

அடுத்ததாக ஹைதராபாத் நகர பொலிஸ் அணி. இது பழைய அணிதான். 1943 இல் பெங்களூரில் ஆஷ் தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில் பிரித்தானிய விமானப்படை அணியை வென்று பேர் வாங்கியிருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் டெனிஸ் கொம்ப்டன் அந்த விமானப்படை அணியில் ஆடினார். அவர் உதைபந்திலும் கெட்டிக்காரர்.

1948 செப்டெம்பரில் இந்திய இராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. நிஸாமின் ஆட்சி முடிந்து சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த நாட்களிலும் அதற்குப் பிந்திய வாரங்களிலும் சமஸ்தானத்தின் பல பகுதிகளில் முஸ்லிம்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தார்கள். நகரத்திலும் பயமும் குழப்பமும். உத்தியோகம் போனவர்கள், வருமானம் போனவர்கள், நாட்டை விட்டுப் போனவர்கள் என்று பல குடும்பங்கள் கலைந்தன. நம் நாட்டில் இடம்பெயர்வையும் இழப்பையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதிலிருந்து இரண்டே வருடத்தில், 1950 இல், நகர பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளராக ரஹீம் சேர் பொறுப்பேற்றார். அந்த வருடமே அணி பம்பாய்க்குப் போய் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. டியூரண்ட் கிண்ணத்தின் இறுதிப்போட்டியில் கல்கத்தாவின் மோகன் பகானை வீழ்த்தி அதையும் எடுத்தது. பிறகு ரோவர்ஸ் கிண்ணத்தை 1951, 1952, 1953, 1954 என்று விடாமல் வென்றது. தொடர்ந்து ஐந்து வருடங்கள்! கல்கத்தாவின் பெரிய கழகங்கள்தான் இந்திய உதைபந்து என்றிருந்த காலத்தில், காவலர்களைக் கொண்ட ஓர் அணி இதைச் செய்தது. டியூரண்ட் கிண்ணத்தை 1954 இலும் 1957 இலும் 1961 இலும் மீண்டும் கொண்டு வந்தார்கள். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கிண்ணமும் 1956, 1957 என்று அடுத்தடுத்து ஹைதராபாத்துக்கு வந்தது.

ஒரு நகரத்தின் மனம் உடைந்து கிடந்த நேரத்தில், அதே நகரத்துப் பிள்ளைகள் முஸ்லிம், ஹிந்து, கிறிஸ்தவர் என்ற வித்தியாசமில்லாமல் ஒரே சட்டையில் ஆடி இந்தியா முழுவதும் மரியாதை தேடிக் கொடுத்தார்கள். உதைபந்து இழந்ததைத் திருப்பிக் கொடுக்காது. தலை நிமிர்ந்து பேச ஒரு விஷயத்தைக் கொடுக்கும்.

*சைக்கிள் வாடகை*

இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்துக்கு அருகில் அம்முகுடா என்ற இராணுவக் குடியிருப்பில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936 இல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். உள்ளூர் ஆட்டத்தில் இவரைக் கண்ட ரஹீம் சேர், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். வர ஆசைதான், போக்குவரத்துக்குக் காசில்லை. ரஹீம் சேர் சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார். பலராம் பிற்காலத்தில் பல பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்த விஷயம் இது.

அந்தப் பிள்ளை 1956 ஒலிம்பிக் அணிக்குப் போனார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவர் பெயரும் இந்திய உதைபந்தில் இன்றைக்கும் ஒன்றாகத்தான் சொல்லப்படும். அந்த மூவரில் கடைசியாக, 2023 இல், பலராம் காலமானார்.

பீட்டர் தங்கராஜும் இதே மண்ணில் வளர்ந்தவர். செகந்திராபாத் கழகங்களில் முன்கள வீரராகத் தொடங்கி, மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பிறகு பந்துக் காப்பாளராகி ஆசியாவின் தலைசிறந்த காப்பாளர்களில் ஒருவரானார்.

நமதூரிலும் மைதானத்துக்கு வராத கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரம் கடையில் நிற்பவன், வாப்பாவோடு கடலுக்குப் போகிறவன், சப்பாத்து இல்லாததால் வெட்கப்பட்டு வராதவன். 'அவனுக்கு ஆர்வமில்லை' என்று நாம் பேரைக் கீறிவிடுகிறோம். போய்க் கேட்டால் சைக்கிள் வாடகை மாதிரி ஒரு சின்ன விஷயம்தான் தடையாக இருக்கும்.

*பத்துக்கு ஒன்று*

1951 இல் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர் ரஹீம் சேர், தலைவர் சைலேன் மன்னா. இறுதிப்போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். கோல் மேவாலால் போட்டது.

அடுத்த வருடம் நம் நாட்டின் பெயரும் இந்தக் கதைக்குள் வருகிறது. 1952 இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் மோதிய 'கொழும்புக் கிண்ணம்' கொழும்பில் ஆரம்பமானது. முதல் கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. பிறகு ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று 1955 வரை அது நடந்தது. ஆசியாவில் நாடுகளுக்கிடையே நடந்த ஆரம்பகாலச் சுற்றுப்போட்டிகளில் ஒன்று நம் தலைநகரின் பெயரில் இருந்தது என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1952 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக். ரஹீம் சேரின் அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிர் நாடு, வழுக்கும் தரை, நம்மவர்களில் பெரும்பாலானோர் காலில் சப்பாத்தில்லை. ஒரே ஒரு கோலை அஹமத் கான் போட்டார்.

பத்து கோல் வாங்கிய பயிற்றுவிப்பாளரை நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அன்றிரவே கூட்டம் போட்டு மாற்றியிருப்போம்! ரஹீம் சேர் தொடர்ந்து வேலை செய்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு இந்தியச் சங்கம் சப்பாத்து அணிவதைக் கட்டாயமாக்கியது. ரஹீம் சேர் உலகம் எப்படி ஆடுகிறது என்று படித்தார். ஹங்கேரி 1953 இல் இங்கிலாந்தை அதன் சொந்த வெம்ப்ளி மைதானத்தில் 6-3 என்று வென்ற காலம் அது. முன்கள மத்திய வீரரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து எதிரணித் தடுப்பைக் குழப்பும் அந்த ஹங்கேரி முறையைத் தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பழக்கினார். பிற்காலத்தில், பிரேசில் 1958 உலகக் கிண்ணத்தில் பிரபலமாக்கிய 4-2-4 அமைப்பையும் அவர் கையாண்டார் என்று அவரிடம் ஆடியவர்கள் சொல்வார்கள்.

*மெல்பேர்ன் 1956*

நான்கு வருடம் கழித்து அவுஸ்திரேலியாவில் ஒலிம்பிக். காலிறுதியில் போட்டி நடத்தும் நாடான அவுஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல். ஒலிம்பிக் உதைபந்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவர்தான்.

அரையிறுதியில் எதிரணி யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் டி சூசா அடித்து இந்தியா 1-0 என்று முன்னணி! பிறகு யூகோஸ்லாவியா நான்கு கோல் போட்டு வென்றது. வெண்கலத்துக்கான போட்டியில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நான்காம் இடம்.

சிலர் இதைத் தோல்வி என்பார்கள். ஆசிரியர் கண்ணால் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முன் பத்து கோல் போட்ட அணிக்கு எதிராக முன்னணி பெறும் அளவுக்கு அந்த மாணவர்கள் வளர்ந்திருந்தார்கள். முதல் தவணையில் பத்துப் புள்ளி எடுத்த பிள்ளை மூன்றாம் தவணையில் அறுபது எடுத்தால் நாம் அந்தப் பிள்ளையைத் திட்டுவதில்லையே!

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 தோல்வி, பிரான்ஸோடு 1-1 சமநிலை, பெருவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு வெளியேறினாலும், வெண்கலம் வென்ற ஹங்கேரிக்கு இந்தியா இலேசான எதிரணியாக இருக்கவில்லை. ரோமுக்குப் போன அணியில் ரஹீம் சேரின் மகன் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். அவருக்கு ஒரு போட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. அணியைத் தெரிவு செய்வது வாப்பா. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹக்கீம் பின்னர் விமானப்படை அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் பயிற்றுவிப்பாளராகவும் பேர் எடுத்து 2021 இல் காலமானார். 'கழகத் தலைவரின் மகன் என்பதால் ஆடுகிறான்' என்ற பேச்சை எத்தனை ஊர்களில் கேட்கிறோம்! அந்த ஒரு பேச்சு போதும், நல்ல பிள்ளைகள் நாலு பேர் மைதானத்தை விட்டுப் போக.

*ஜகார்த்தா 1962*

இனி வரப்போவது கடைசிப் பாடம்.

ரஹீம் சேர் அதிகமாகச் சிகரெட் பிடிப்பவர். நுரையீரல் புற்றுநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. உடம்பு முடியாத நிலையில்தான் 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியைத் தயார்படுத்தி ஜகார்த்தாவுக்குக் கூட்டிப் போனார். வீரர்களில் பலருக்கு நோயின் முழு விபரம் தெரியாது.

முதல் போட்டியில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். தாய்லாந்துப் போட்டியில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட்டார்கள். தையலோடு தடுப்பில் நின்று தலையால் பந்தடிப்பது ஆபத்து. ஆனால் அவரை வெளியில் வைக்கவும் மனமில்லை. ரஹீம் சேர் அவரை முன்களத்துக்கு அனுப்பினார்! இளமையில் ஜர்னைல் முன்களத்தில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். மாணவனின் பழைய பதிவேட்டை ஞாபகம் வைத்திருக்கும் ஆசிரியர். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதிப்போட்டி செப்டெம்பர் 4. மறுபடியும் தென்கொரியா. மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்திருந்தது. அதை எதிர்த்து இந்திய அதிகாரி ஜி.டி. சொந்தி எழுப்பிய குரலால் ஜகார்த்தா மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. பேருந்தில் இந்திய அடையாளத்தை மறைத்துக்கொண்டு அணி மைதானத்துக்குப் போனது. சுமார் ஒரு இலட்சம் பேர் கூடியிருந்த அரங்கில் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் இந்தியாவுக்காகக் கைதட்டினார்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

போட்டிக்கு முன்னைய நாள் ரஹீம் சேர் தன் பிள்ளைகளிடம் ஒரு அன்பளிப்புக் கேட்டார். நாளைக்கு அந்தத் தங்கத்தை எனக்குத் தாருங்கள் என்பதுதான் அது. அணியில் இரண்டு முடிவுகளை எடுத்தார். காய்ச்சலால் வெளியே இருந்த உயரமான தங்கராஜை மீண்டும் கோல் காப்பாளராக்கினார். கொரியர்களின் உயர்ந்த பந்துகளுக்கு அவரது உயரம் தேவை என்பது கணக்கு. தலையில் கட்டோடு ஜர்னைலை மறுபடி முன்களத்தில் விட்டார்.

17 ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல். மூன்று நிமிடத்தில் ஜர்னைல் சிங் கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம்.

அன்று தொடக்கம் இன்று வரை ஆசிய விளையாட்டு உதைபந்தில் இந்தியாவுக்கு மற்றொரு தங்கம் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் 1963 ஜூன் 11 இல் ரஹீம் சேர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. ஜகார்த்தா அணியில் ஆடிய கோவாவைச் சேர்ந்த ஃபோர்ச்சுனாட்டோ ஃபிராங்கோ, ரஹீம் இந்திய உதைபந்தையும் தன்னோடு கப்ருக்குக் கொண்டு போய்விட்டார் என்ற கருத்தில் சொன்னது இன்றைக்கும் அங்கே பேசப்படுகிறது.

*ஒரு சேர் போனால்?*

ஃபிராங்கோவின் வார்த்தையில் பாராட்டும் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அதைத்தான் நமதூருக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ரஹீம் சேரின் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. பி.கே. பானர்ஜி பெரிய பயிற்றுவிப்பாளரானார். ரஹீம் சேரின் கடைசிக் காலத்தில் நகர பொலிஸ் அணிக்கு வந்த செய்யித் நயீமுத்தீன் 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்குத் தலைவராக இருந்து, பின்னர் பயிற்றுவிப்பாளராகவும் உயர்ந்தார். ஆனால் ஹைதராபாத் என்ற நகரம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இடதுகால் போட்டிகளை நடத்தியவர் ஒருவர். பிள்ளைகளைத் தேடிப் போனவர் ஒருவர். அவர் கண்மூடியபோது அந்த வேலை யார் கைக்கும் முழுமையாகப் போகவில்லை. நல்லவர் ஒருவரின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஊர் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தோள் சாயும்போது எல்லாம் சாயும்.

நமதூரிலும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு சேர் இருந்திருக்கிறார். சொந்தக் காசில் பந்து வாங்கி, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்கியவர்கள். அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போனதும், ஓய்வு பெற்றதும், வபாத்தானதும் மைதானம் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியதை நாம் பார்த்திருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'பந்தடித்தால் படிப்புப் போய்விடும்' என்று பயப்படுகிறீர்கள். உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பரீட்சை முக்கியம். நானும் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ரஹீம் சேர் பட்டதாரி. படிப்பும் பந்தும் ஒரே ஆளிடம் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. பின்னேரம் ஒழுங்கான ஒருவரின் மேற்பார்வையில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பிள்ளை, சந்தியில் கையில் போனோடும் தேவையில்லாத சகவாசத்தோடும் நிற்கிற பிள்ளையை விடப் பாதுகாப்பாக இருக்கிறான். போதைப்பொருள் நம் வாசலுக்கு வந்திருக்கும் காலம் இது. மைதானம் வெறும் பொழுதுபோக்கு இல்லை.

கழகங்களுக்கு எனது கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று, ஒவ்வொரு கழகமும் முப்பது வயது தாண்டிய ஒரு பழைய வீரரைத் தெரிவு செய்து முறையான பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்புங்கள். செலவைக் கழகம் ஏற்கட்டும். ஒரு வெளியூர் வீரரை ஒரு சுற்றுப்போட்டிக்கு இறக்கும் காசை இதற்குப் போடுங்கள். அவரோடு கூட நின்று பழக இரண்டு இளைஞர்களையும் விடுங்கள். அவர் போனால் அடுத்த ஆள் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது இடதுகால் போட்டி வையுங்கள். கிண்ணம் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஐஸ் பழம் போதும்.

மூன்று, வராத பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுங்கள். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சப்பாத்துப் பிரச்சினை என்றால் என்னிடம் சொல்லுங்கள். நம் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள்.

பாடசாலையின் பக்கத்திலிருந்து சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு என் நேரத்தைத் தருகிறேன். எனக்கு விசில் ஊதவும் வரவு எடுக்கவும் தெரியும். பந்து சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் முன்வாருங்கள். பெயரைக் கீழே கருத்தில் இடலாம், உட்பெட்டியிலும் தரலாம்.

அல்லாஹ் ரஹீம் சேரின் பிழைகளை மன்னித்து அவரது கப்ரை விசாலமாக்குவானாக. நமக்குக் கற்றுத் தந்து, பெயர் தெரியாமலே போன நமதூர் சேர்மாருக்கும் அவ்வாறே. ஆமீன்.